ஒன்றை மூடாமல் இன்னொன்று

என் கணவருக்கு விழுப்புரத்தில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. அவர் வேலை செய்யும் விதத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு மிக்சியைப் பிரித்தால் அதைச் சரிசெய்து, மூடி, சுவிட்சைப் போட்டு ஓட்டிப் பார்த்து, அலமாரியில் ஏற்றிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து நின்று அவசரம் என்று கெஞ்சினாலும் மசிய மாட்டார். ஏன் என்று கேட்டால், "ஒண்ண மூடாம இன்னொண்ணத் தொறந்தா ஸ்க்ரூ மாறிப்பூடும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பல வருடம் என் எழுத்தை விமர்சனம் செய்தார்.

நான் அவருக்கு நேர் எதிர். எந்த நேரத்திலும் மூன்று கதைகளைத் திறந்து போட்டிருப்பேன். வீட்டில் ஒன்று, ரயிலில் ஒன்று, திண்டிவனத்தில் நான் தட்டச்சராக வேலை பார்த்த அலுவலகத்தில் ஒன்று. வீட்டுக் கதையை ரயிலில் எழுத வராது. ரயில் கதையை அலுவலகத்தில் எழுத வராது. இது ஒரு வியாதி என்று அவர் நினைத்தார், வசதி என்று நான் நினைத்தேன். மூன்று அடுப்பு வைத்திருக்கிறவள் ஒன்றில் மட்டும்தான் சமைக்க வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். மூன்றில் ஒன்றையாவது இறக்கி இலையில் போட்டாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்று ராத்திரிக்கு ஒரே அடுப்பில் ஒரே ஒரு ரசத்தை மட்டும் வைத்து இறக்கினேன்.

நான் எழுத ஆரம்பித்தது 1993இல். அந்த வருடம் எங்கள் மூத்த பிள்ளை இறந்துபோனான். மூன்று வயது நிரம்பவில்லை. காய்ச்சல் வந்தது, ஒருநாள் காலையில் விட்டதுபோல் இருந்தது, நான் வேலைக்குப் போனேன், அன்று மத்தியானம் அவன் போய்விட்டான். கணவர் மோட்டார் சாமான் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். பிள்ளையோடு இருந்தது அவருடைய அக்கா மட்டும்தான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கண்டாச்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளை இல்லாதவர், நான் வேலைக்குப் போகிறேன் என்பதற்காக எங்களோடு வந்து தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர். அலுவலகத்தில் இருந்த ஒரே தொலைபேசி அன்று வேலை செய்யவில்லை. எனக்கு யாரும் தகவல் சொல்ல முடியவில்லை. எப்போதும்போல மாலை பாசஞ்சரில் வந்து இறங்கி, எப்போதும்போல ஸ்டேஷனுக்குப் பின்பக்கமாக நடந்து எங்கள் தெருவில் திரும்பினேன். எங்கள் வாசலில் கும்பல் நின்றது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டாச்சிபுரத்துக்குப் போய்விட்டார். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்துச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள், அண்ணி வந்து பார்த்தார், தங்கச் சங்கிலி போட்டார், அன்றைக்கே பஸ் ஏறினார். மற்றபடி வருடத்துக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளுக்கு வருவார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். காற்றில் மெழுகுவத்தி அணைவதைப் பற்றி, சாமந்தி விலையைப் பற்றி, மழை வருமா என்பதைப் பற்றி எல்லாம் பேசுவோம். அந்த நாளைப் பற்றி ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தபோது ரயில்தான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பெண்கள் பெட்டியில் எல்லோரும் தெரிந்த முகங்கள். சீசன் டிக்கெட்காரர்கள். விழுப்புரத்தில் ஏறினால் திண்டிவனம் வரைக்கும் பூக்கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், மருமகளைத் திட்டுவார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அந்தப் பார்வையை அடுத்த ஸ்டேஷனான முண்டியம்பாக்கம் வரைக்கும்கூட என்னால் தாங்க முடியாது. அலுவலகத்தில் ஒருபக்கம் அடித்து வீணான தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் எதையாவது எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். எழுதுகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை என்று கண்டுபிடித்தேன். எழுதுவதுபோல் நடித்து நடித்து நிஜமாகவே எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்போது ஒரு ஆசை வந்தது. ஒரு புத்தகம் எழுத வேண்டும், முதல் பக்கத்தில் அவன் பெயரைப் போட வேண்டும். கல்லறையில் சிமெண்டில் எழுதிய பெயர் மழையில் கரைந்து, ஒவ்வொரு வருடமும் பெயின்ட்டால் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருந்தால் அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றியது. வேறு எந்தப் பேராசையும் எனக்கு இருந்ததில்லை. ஒரே ஒரு புத்தகம், அவ்வளவுதான். அது முடியவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

ரயிலில் எழுதியது ஒரு ரயில்வே குடியிருப்புக் கதை. தண்டவாள வேலைக்காரர் ஒருவரின் மனைவி, பண்ருட்டிக்கு ரயிலில் போய்ப் பலாப்பழம் வாங்கிவந்து விழுப்புரத்தில் விற்கிறவள். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எழுதியது மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தியின் கதை. என் பக்கத்து மேஜைக்காரி மரக்காணத்திலிருந்து வருகிறவள், அவள் சொன்ன விவரங்களில் பிறந்தது அது. வீட்டில் எழுதியது ராணி கதை. செஞ்சிக் கோட்டையில் நானாகக் கற்பனை செய்த ஒரு ராணியைக் குடிவைத்து, பல்லக்கு, பந்தம், ஒற்றர் என்று சகல சாமான்களோடும் எழுதிக்கொண்டிருந்தேன். சரித்திரக் கதை எழுதுகிறவளுக்குத் துவரம்பருப்பு தீர்ந்துபோனது ஞாபகம் இருக்காது என்பது எங்கள் வீட்டுக் கேலி.

எனக்கு ஒரு பழக்கம். ரயில்வே கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் நின்றுபோகும். ஒரு வாரம் பேனாவை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். சரி, ஆறட்டும் என்று கட்டி வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போவேன். அதுவும் ஒரு வருடம் ஓடி நிற்கும். பிறகு ராணி. ராணி நின்றால் பழையபடி ரயில்வே கதையை எடுத்து, முதலிலிருந்து படித்து, திருத்தி, அழகாகப் பிரதி எடுத்து, பழைய இடத்துக்கே வந்து நிற்பேன். இப்படித் திருத்தித் திருத்தியே தொண்ணூறுகள் போயின, அடுத்த பத்து வருடத்திலும் பாதி போயிற்று. என் பெண் ஆறாவதுக்கு வந்துவிட்டாள். நான் ஒன்றையும் எழுதி முடிக்கவில்லை.

முடிக்கவே தெரியாதவள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் கேட்டால் அரை மணியில் எழுதிக் கொடுப்பேன். யாராவது இறந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு வரி கேட்டு அச்சகத்திலிருந்தே ஆள் வரும். பங்குக் கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் நாடகம் எழுதினேன். அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் பிரிவுபசார உரை என்னுடையதுதான். அதிகாரியைத் தங்கம், வைரம் என்று எழுதிவிட்டு, தட்டச்சு செய்யும்போது எனக்கே சிரிப்பு வரும். சின்னக் கதைகள் சில பத்திரிகைகளில் வந்தன. அவை எல்லாம் முடிந்தன. பெரியவை மூன்றும் முடியவில்லை. அலுப்பு வந்தால் மாற்றிக்கொள்கிறேன், மாற்றினால்தான் மனம் புதிதாக இருக்கிறது, அவசரப்பட்டால் கெட்டுவிடும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

2008 வாக்கில் பாண்டிச்சேரியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிற ஒருவர் என் சிறுகதை ஒன்றைப் படித்துவிட்டு அலுவலகத்துக்கே தேடி வந்தார். நாவல் இருந்தால் கொடுங்கள், போடுகிறேன் என்றார். மூன்று இருக்கிறது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஒன்றும் முடியவில்லை என்றேன். அவர் முகம் மாறியதை மரியாதையாக மறைத்துக்கொண்டு, அடுத்த வருடத்துக்குள் எது முடிகிறதோ அதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னது நான் செய்த முட்டாள்தனம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், மூன்று கட்டுகளையும் எடுத்து வரச் சொன்னார். தரையில் வரிசையாக வைத்து, மிக்சி பார்க்கிற மாதிரியே பார்த்தார். எதை முதலில் முடிக்கப் போகிறாய் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றின் சிக்கலையும் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மூன்றில் எது கனமாக இருக்கிறதோ அதுதான் முடிவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். கனமாக இருந்தது ராணி கதை. அதற்குக் காரணம், அதை நான் பெரிய எழுத்தில், அகலமான ஓரம் விட்டு எழுதியிருந்தேன். ராணிக்கு அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டாமா? அதை அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், மற்ற இரண்டு கட்டுகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கயிறு கட்டிவிட்டார்.

"இது முடிஞ்சா அது வரும். அக்கா ஊட்ல வெச்சிட்டு வர்றேன். இங்க இருந்தா நீ எடுத்துருவ" என்றார்.

அவர் சொன்னது சரி, இங்கே இருந்தால் எடுத்துவிடுவேன். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. என் எழுத்தை ஒரு பொருட்டாக மதித்தே இராத அண்ணி வீட்டில், மல்லாட்டைக் கடலை மூட்டைக்குப் பக்கத்தில் என் நாவல்கள் கிடக்குமா என்று கத்தினேன். எலி கடித்தால் நீதான் பொறுப்பு என்று முதன்முறையாக அவரை ஒருமையில் பேசினேன். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, அக்கா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ராணியைத் தவிர வேறு கதி இல்லை. ரயிலிலும் ராணி, அலுவலகத்திலும் ராணி. கோட்டை மதிலை வர்ணித்தேன். யானைகளை வர்ணித்தேன். ராணி திருவண்ணாமலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் வர்ணித்தேன். பல்லக்கைக் கோட்டை வாசலில் இறக்கி வைத்த இடத்தில் கதை பழையபடி நின்றது. மாற்றிப் போக வேறு கதை கையில் இல்லை. பதிப்பாளர் கொடுத்த வருடம் கரைந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. இந்த ஜென்மத்தில் அந்த ஒரு புத்தகம் வராது, அவன் பெயர் அந்தச் சிமெண்டில் மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியபோது, அலுவலகத்தில் எல்லோரும் இருக்க அழுதுவிட்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டு முகம் கழுவி வந்தேன்.

அந்த நிலையில்தான் அண்ணி போன் செய்தார். அவர் எனக்குத் தனியாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை லீவுதானே, வந்துவிட்டுப் போ என்றார். என்ன விஷயம் என்றதற்கு, வாயேன் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். எலி கடித்துவிட்டது என்றே முடிவு செய்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் வருவார், அவர் இருந்தால் அவருடைய அக்காவோடு நன்றாகச் சண்டை போட முடியாது.

கண்டாச்சிபுரத்தில் சனிக்கிழமை வெயில் நன்றாக ஏறியிருந்தது. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வயலுக்குப் போயிருந்தார். அண்ணி எப்போதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில்தான் பேசுவார், அன்று அந்தக் குரலைக் காணோம். என் இரண்டு கட்டுகளும் நாற்காலி மேல் இருந்தன. பழைய புடவைத் துணியில் சுற்றி ஊக்கு குத்தியிருந்தார். எலி எதையும் தொடவில்லை. போட வந்த சண்டைக்குக் காரணம் இல்லாமல் போனதால் நானும் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தேன்.

"ரெண்டையும் படிச்சேன். ரெண்டு தபா படிச்சேன்" என்றார் அண்ணி.

படிக்கச் சொல்லி யாரும் கொடுக்கவில்லையே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். எழுதுகிறவர்களின் புத்தி அப்படித்தான், எந்த நிலைமையிலும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

"ரயில்வேக்காரி பண்ருட்டிலேர்ந்து பழம் எடுத்துக்கினு வர்றா. ஊட்டு வாசல்ல கும்பல் நிக்குது. அதோட காயிதம் முடிஞ்சிபோச்சி. சரின்னு இன்னொண்ண எடுத்தேன். அவ உப்பு வாரிட்டு வர்றா. குடிசைகிட்ட கும்பல் நிக்குது. அதோட அதுவும் முடிஞ்சிபோச்சி. ஏம்மா, நீ ஊட்டுக்குள்ளயே போவ மாட்டியா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒன்று ரயில்வே, ஒன்று உப்பளம், இரண்டும் வெவ்வேறு கதை, வெவ்வேறு வருடத்தில் எழுதியது, ஏதோ இரண்டு இடம் ஒத்துப்போனால் அது தற்செயல் என்று படபடவென்று பேசினேன். வீட்டில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது ராஜா ராணி கதை, அதில் இப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல்லக்கு கோட்டை வாசலில் இறக்கியபடியே நிற்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாசலில் காவலர்களும் தாதிகளும் கும்பலாக நின்று, ராணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதை நான்தான் எழுதியிருந்தேன். எத்தனை தடவை பிரதி எடுத்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்குத் தெரியவில்லை.

உப்பளக் கதையில் ஒரே ஒரு தடவை அவளைக் குடிசைக்குள் அனுப்பியது உண்டு. உள்ளே போய் அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதாக நிறையப் பக்கம் எழுதினேன். மறுநாள் படித்தபோது சினிமா பார்ப்பதுபோல் இருந்தது, ஒரு வரிகூட நிஜமில்லை. கிழித்துப் போட்டுவிட்டு அந்த வாரமே ராணிக்குத் தாவினேன். அதை அண்ணியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அண்ணி உரிப்பதை நிறுத்தவில்லை. "உனக்கு எப்பிடித் தெரியும்? நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. உள்ள இருந்தது நான்தான. நீ என்னக் கேக்கவே இல்லியே" என்றார்.

உண்மைதான். நான் கேட்டதில்லை. கேட்டால், நீ என்ன செய்துகொண்டிருந்தாய், ஏன் சீக்கிரம் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்று கேட்பதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். அண்ணி மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. என் மேல்தான் இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனது நான்தானே. ஆனால் நான் கேட்காமல் இருந்ததையே அண்ணி வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சில்லாமல் பழி போடுகிறாள் என்று நினைத்துத்தான் முப்பதாம் நாள் பெட்டியைக் கட்டியதாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வருடாவருடம் சாமந்தி விலையைப் பேசிக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கி என்னா நடந்துச்சி அண்ணி?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். சத்துணவுக் கணக்கு ஒப்பிப்பதுபோல் ஒன்றையும் விடாமல் சொன்னார். காலையில் நான் போனதும் அவன் கேப்பைக் கூழ் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறான். தண்ணீர் அண்டாவில் சொம்பை மிதக்கவிட்டு விளையாடியிருக்கிறான். பத்து மணிக்கு மேல் உடம்பு திரும்பக் கொதித்தது. ஈரத்துணி போட்டார். வெட்டு வந்து கைகால் இழுத்தது. செருப்புகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினார், வழியில் ஒரு ரிக்‌ஷாக்காரர் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், டாக்டர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நடுவில் ஒரு அரைமணி நேரம் பிள்ளை தெளிந்தான். கண்ணைத் திறந்து பார்த்தான், பேசினான். இதுவரைக்கும் சொல்லிவிட்டு அண்ணி முறத்தைத் தள்ளி வைத்தார்.

என்னைத் தேடினானா என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் அண்ணியே சொன்னார்.

"அம்மா எங்கன்னு கேட்டான். ரயில்ல வந்துக்கினு இருக்குதுன்னு சொன்னேன். அந்நேரம் பாத்து ஸ்டேஷன்ல ஒரு வண்டி கூவுச்சி. அதுவா அத்தன்னு கேட்டான். ஆமாண்டா, அந்த வண்டிதான், அம்மா எறங்கி வந்துக்கினு இருக்குதுன்னேன். சரின்னு கண்ண மூடிக்கினான். அப்புறம் தொறக்கல."

பிறகு, அந்த நேரத்தில் திண்டிவனத்திலிருந்து வண்டி கிடையாது என்று தனக்குத் தெரியும் என்றார். அது ஏதோ கூட்ஸ் வண்டி. சாகப் போகிற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று அவருக்கு ஒரு உறுத்தல். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் கோபப்பட்டது, புறம் பேசியது, பூசைக்குப் போகாதது என்று எதையெதையோ சொல்லியிருக்கிறார். இதை மட்டும் ஒரு சாமியாரிடமும் சொன்னதில்லை. "அவுங்ககிட்ட சொல்லி என்னா? உன்கிட்டதான சொல்லணும். நீ கேப்பேன்னு காத்துக்கினே இருந்தேன்" என்றார்.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பேரும் அழுதோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வயலிலிருந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வயலுக்கே போய்விட்டார்.

வரும்போது ரயில்வே கதையின் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். கணவர் பார்த்துவிட்டு, ராணி முடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்டிப்பை மீறி எடுத்துவந்ததற்கு ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, தாள்களை வாங்கி மேஜை மேல் வைத்தார். இரண்டு நாள் கழித்து நானே கடைக்குப் போய் அண்ணி சொன்னதை எல்லாம் அவரிடம் சொன்னேன். கையில் இருந்த மிக்சியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

கடைசி அத்தியாயத்தை எழுத எனக்கு அதிக நாள் ஆகவில்லை. எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. கூழ், சொம்பு, ஈரத்துணி, ரிக்‌ஷாக்காரர் எல்லாம் அப்படியே வந்தன. அந்தக் கதையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு அத்தை தேவைப்பட்டாள், ஆரம்பத்துக்குப் போய் அவளையும் சேர்த்தேன். மற்ற இரண்டு கதைகளை முடிக்க வேண்டும் என்று பிறகு எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாசலுக்கு மூன்று பாதை போட்டிருக்கிறேன், உள்ளே போய்விட்ட பிறகு பாதைக்கு வேலை இல்லை. ஒன்றை மட்டும் வைத்து மற்றதை அகற்றியதால்தான் முடிந்தது என்று கணவர் இன்றுவரைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார். அவர் என் கையில் விட்டது ராணியை, முடிந்தது வேறொன்று என்று நான் திருத்துவதில்லை. அந்தச் சாக்கை அவர் கண்டாச்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்காவிட்டால் இன்னும் யானையைத்தான் வர்ணித்துக்கொண்டிருப்பேன்.

பதிப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்னால், முதல் பக்கத்தில் என் பிள்ளையின் பெயரைப் போட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எல்லாம் அவர் சொன்னதுதான். ஒரு இடத்தை மட்டும் நான் மாற்றியிருந்தேன். அத்தை, அம்மா இந்த வண்டியில்தான் வருகிறாள் என்று பிள்ளையிடம் சொல்கிறாள். அது கூட்ஸ் வண்டியில்லை, பண்ருட்டியிலிருந்து வரும் பாசஞ்சர். அம்மா நிஜமாகவே அந்த வண்டியில் இருக்கிறாள். கூடையை இறக்கி, படியேறி, வீட்டுக்கு நடந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வாசலில் கும்பல் நிற்கிறது. அதை நான் மாற்றவில்லை.

அண்ணி அந்த இடத்தில் விரலை நிறுத்தினார். "அந்த வண்டியில நெசமாவே அவ வர்றாளா?"

"ஆமா அண்ணி."

"அப்ப அத்தக்காரி புள்ளகிட்ட பொய் சொல்லல."

"இல்ல அண்ணி. சொல்லல."

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.